ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷை நிறுத்தாதீங்க

பொங்கல் கரும்பைக் கடிக்கும்போதுதான் பலருக்கும் தெரியவரும், முன்பல் லேசாக ஆடுகிறது என்று. வலி இருக்காது, சொத்தையும் இருக்காது. "எப்பலேர்ந்து ஈறுல ரத்தம் வருது?" என்று கேட்டால், "அது ரெண்டு மூணு வருஷமாவே வருதுங்க, அதான் அந்தப் பக்கம் பிரஷ்ஷே வைக்கிறதில்ல" என்று பதில் வரும். வளவனூரானாலும் சரி, திண்டிவனமானாலும் சரி, பல் ஆட்டம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

ரத்தம் வருவதற்கு பிரஷ் குத்துவது காரணமில்லை. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத பிசுபிசுப்பான படலம் ஒன்று தினமும் படிகிறது. முழுக்கக் கிருமிகள்தான். அது அங்கேயே தங்கினால் ஈறு சிவந்து வீங்கும், தொட்டாலே ரத்தம் கசியும். தேய்ப்பதை நிறுத்தினால் படலம் தடித்து, சில நாட்களில் சுண்ணாம்பு போல் இறுகிவிடும். இதைத்தான் பல் காரை என்கிறோம். காரை சேரச் சேர ஈறு பல்லை விட்டு விலகும். பல்லைத் தாங்கும் தாடை எலும்பு, வலியே தெரியாமல் கரையத் தொடங்கும். கரைந்த எலும்பு பழையபடி வளர்ந்துவிடாது.

இதற்கு நம் தமிழர்களிடமிருந்தே பெரிய சான்று இருக்கிறது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண் தொழிலாளர்களை ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளரின் குழு 1970 முதல் 1985 வரை தொடர்ந்து கவனித்தது. அவர்களுக்குப் பல் துலக்கும் வழக்கம் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், சொத்தைப் பல்லும் ஏறக்குறைய இல்லை. ஆனாலும் 100க்கு 8 பேருக்கு ஈறு நோய் வேகமாக முற்றி, 45 வயதில் எல்லாப் பற்களும் போய்விட்டன. 81 பேருக்கு மெதுவாக முற்றியது. அவர்களும் அந்த வயதுக்குள் சராசரியாக 7 பற்களை இழந்தார்கள். மீதி 11 பேருக்குத்தான் ஈறு வீக்கத்தோடு நின்றது. "எங்க தாத்தா பிரஷ்ஷையே தொட்டதில்ல, 80 வயசுலயும் முறுக்கு கடிச்சாரு" என்று சொல்பவர்கள் உண்டு. அந்தத் தாத்தா இந்த 11 பேரில் ஒருவராக இருந்திருக்கலாம். பேரனும் அப்படித்தான் இருப்பார் என்று நம்புவதற்கு இடமில்லை.

நல்ல செய்தியும் அதே ஆய்வாளரிடமிருந்துதான். 1965இல் டென்மார்க்கில், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி ஒழுங்காகத் துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போலச் சரியாகிவிட்டது. அதனால் ரத்தம் வரும் இடத்தைத்தான் கூடுதல் கவனத்தோடு, மெதுவாகத் தேய்க்க வேண்டும். முதல் சில நாள் ரத்தம் வரும், பயப்பட வேண்டாம். இரண்டு வாரம் ஒழுங்காகத் தேய்த்தும் நிற்கவில்லையா? உள்ளே காரை இறுகியிருக்கிறது என்று அர்த்தம். அதை வீட்டில் எடுக்க முடியாது.

எப்படித் தேய்ப்பது? மிருதுவான இழைகள் உள்ள பிரஷ்ஷை எடுத்து, பாதி பல்லிலும் பாதி ஈறு விளிம்பிலும் படும்படி சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்னதாக அசையுங்கள். தரை தேய்க்கிற மாதிரி அழுத்தித் தேய்த்தால் ஈறு இறங்கும், பல் தேய்ந்து கூசும். போனில் 2 நிமிட டைமர் வைத்துப் பாருங்கள். நாம் வழக்கமாக எவ்வளவு சீக்கிரம் முடித்துவிடுகிறோம் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். காலையில் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை. இரவு வேளையை விடவே கூடாது, ஏனென்றால் தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரக்கும், கிருமிகளுக்கு அதுதான் வசதி. ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட் போதும். 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி அளவு, 6 வயது வரை பட்டாணி அளவு. துப்பிய பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் விட்டால் ஃப்ளூரைடு பல்லில் தங்கும்.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் மோசமில்லை, நுனியை நன்றாக மென்று பிரஷ் போல ஆக்கி, ஈறைக் கிழிக்காமல் தேய்த்தால். ஆனால் கடைசிக் கடவாய்ப் பல் வரை போவது கஷ்டம். செங்கல் தூள், அடுப்புக்கரி, மணல் ஆகியவை பல்லின் மேற்பூச்சையே தேய்த்துவிடும். புகையிலை கலந்த பல்பொடிக்கு 1992லேயே நாட்டில் தடை வந்துவிட்டது. யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். பல்லிடுக்கைக் குத்த ஊக்கு, துடைப்பக்குச்சி வேண்டாம். பல்லிடுக்கு நூலோ, இடுக்குக்கென்றே விற்கும் குட்டி பிரஷ்ஷோ பயன்படுத்தலாம்.

மாதம் ஒருமுறை போனின் டார்ச்சைப் போட்டு, கண்ணாடி முன் நின்று ஈறைப் பாருங்கள். வெளிர் ரோஜா நிறம் என்றால் நல்லது. சிவந்து பளபளவென்று உப்பியிருந்தால் கவனியுங்கள். ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு 2 வாரத்துக்கு மேல் இருந்தாலோ, வாய் முழுசாகத் திறக்க முடியாமல் போனாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். வெற்றிலை பாக்கு, புகையிலை போடுகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற தேசிய எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும்; ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டமாகும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடம் ஈறில் ரத்தம் வருவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கர்ப்ப காலத்திலும் ஈறு எளிதில் வீங்கும். கர்ப்பமாக இருப்பதைச் சொல்லிவிட்டே சிகிச்சை பெறலாம்.

"ஸ்கேலிங் பண்ணினா பல் ஆடும்" என்ற பயம் நம் ஊரில் நிறைய. காரை எடுத்ததும் இடைவெளி தெரியும், சில நாள் கூசும். ஆட்டத்தை உண்டாக்கியது காரைதான். அத்தனை நாள் அதை மறைத்துக்கொண்டிருந்ததும் அதுவே. பல் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பதும் அப்படியொரு கதைதான்.

பல் மருத்துவப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லாமல் காட்டலாம். வளவனூர் சுற்றுவட்டாரத்தினர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். பக்கத்தில் எங்கே, எந்த நாளில் பல் மருத்துவர் இருக்கிறார் என்பதை 104க்குப் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்பினால் ஒரு நாள் கூலி மிச்சம். முகம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.