ஒரு சாண் மட்டம்

நானாட்டானிலிருந்து ஒரு தங்கச்சி கடிதம் போட்டிருக்கிறார். பட்டப்படிப்பு முடித்து, குளங்களைப் புனரமைக்கும் உள்ளூர் அமைப்பொன்றில் திட்டமிடுநராகச் சேர்ந்திருக்கிறாராம். தகப்பனார் கமக்காரர். “குளம் திருத்தப் பெக்கோ இருக்கு, அதை ஓட்டப் பெடியன் இருக்கிறான். இடையிலே நீ என்ன பிள்ளை செய்யப்போறாய்?” என்று கேட்டாராம். அவருக்கு என்ன பதில் சொல்லலாம் என்பது கடிதத்தின் கேள்வி.

மட்டம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லுங்கள், தங்கச்சி. உங்கள் வேலையில் முக்கால்வாசி அதுதான்.

தண்ணீர் திறந்துவிடும் துருசு எது, மிஞ்சியது வழிந்தோடும் வான் எது, அலைகரை எது என்று மன்னார் பெருநிலப்பரப்பில் பிறந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் குளம் தனியாள் இல்லை என்பதை நாங்கள் மறந்துகொண்டு வருகிறோம். மேற்குளம் வான் பாய்ந்த தண்ணீரும், அதன் வயல்களில் கசிந்து வடிந்த தண்ணீரும்தான் கீழ்க்குளத்தின் வரும்படி. இப்படி ஒன்றின் காலடியில் ஒன்றாகக் கிடக்கும் குளத்தொடரைச் சிங்களத்தில் ‘எல்லங்காவ’ என்பார்கள். பேராசிரியர் மத்தும பண்டார 1985இல் அதைப் பற்றி எழுதிய பிறகுதான் நவீனப் பொறியியல் அதைத் திரும்பிப் பார்த்தது. 2017இல் ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் அதை உலக வேளாண் மரபுகளில் ஒன்றாக ஏற்றது. எங்கள் அருவி ஆறு, அனுராதபுரத்தில் மல்வத்து ஓயா என்ற பெயரோடு ஓடி, 164 கிலோமீற்றர் நடந்து இங்கே வந்து சேர்வதற்குள் இப்படிப்பட்ட எத்தனையோ தொடர்களின் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு வருகிறது.

இனி, எனக்கு எப்போதும் அதிசயமாகத் தோன்றும் ஒன்றைச் சொல்கிறேன். அது கட்டுக்கரைக் குளம்.

முருங்கன் பக்கம் போகும்போது அணைக்கட்டைப் பார்த்திருப்பீர்கள். குளம் ஆழமில்லாமல், வானம் முட்டப் பரந்து கிடக்கும். ஆனால் தன்மேல் விழுகிற மழையை மட்டும் நம்பியிருந்தால் அது நிறையாது. அருவி ஆற்றின் குறுக்கே தேக்கம் என்ற இடத்தில் முன்னோர் கல்லணை போட்டார்கள். அங்கே மறித்த தண்ணீர் வலக்கரை வாய்க்காலால் கட்டுக்கரைக்கும், இடக்கரை வாய்க்காலால் அகத்திமுறிப்புக் குளத்துக்கும் போனது. அதைவிட விசேஷம் அடுத்த கட்டம். கட்டுக்கரை தன் தண்ணீரை நேரே வயலுக்குக் கொட்டுவதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட சிறு குளங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. வயல்களுக்குப் பாய்ச்சுகிறவை அந்தச் சிறு குளங்கள். பெரிய குடும்பத்தில் அம்மம்மா சோற்றுச் சட்டியை நடுவில் வைத்துப் பேரப்பிள்ளைகளுக்கு உருட்டிக் கொடுத்தது நினைவுக்கு வருகிறது. சட்டியில் யாரும் கை வைக்க முடியாது, கடைசிப் பிள்ளைக்கும் ஒரு உருண்டை உண்டு.

ஒல்லாந்த ஆளுநர் வான் இம்ஹோஃப் 1740 அளவிலேயே இந்தக் குளத்தைத் திருத்த ஆசைப்பட்டார். நடக்கவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட தன் பெரிய புத்தகத்தில், பழைய ஆட்கள் மட்டத்தில் பிழைவிட்டதால் ஆற்றுத் தண்ணீர் குளத்துக்கு ஏறவில்லை, அவ்வளவு உழைப்பும் வீண் என்ற கருத்தை எழுதிவைத்தார். அந்தப் பழி பல ஆண்டுகள் நின்றது. பிறகு பொறியாளர்கள் கருவியோடு வந்து அளந்தார்கள். 19ஆம் நூற்றாண்டு முடியும் காலத்தில் குளம் திருத்தப்பட்டது, ஆற்றுத் தண்ணீர் வந்தது, இன்றும் வருகிறது. பழைய மட்டம் சரியாகத்தான் இருந்தது.

மன்னார்த் தரை எவ்வளவு தட்டையானது என்று நினைத்தால்தான் இதன் அருமை தெரியும். முன்னோர் மட்டம் பிடித்த நுணுக்கத்துக்கு இன்னொரு உதாரணம்: கலாவாவியிலிருந்து அனுராதபுரத்துக்குப் போகும் ஜய கங்கை என்ற பழைய வாய்க்கால், முதல் 17 மைலில் மைலுக்கு ஏறத்தாழ 6 அங்குலமே இறங்குகிறது என்பார்கள். ஒரு மைலுக்கு ஒரு சாணுக்கும் குறைவு! எங்கள் வீட்டு அடுப்படிக்குத் தரை போட்டபோது, மேசன் ரியூப்பில் தண்ணீர் நிரப்பி இரண்டு மூலைக்கும் மட்டம் பிடித்தார். பத்தடி நீளத் தரைதான். அப்படியும் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கியது, உடைத்துத் திரும்பப் போட்டோம்.

அதனால்தான் தங்கச்சியின் தகப்பனாருக்குச் சொல்ல விரும்புகிறேன்: ஐயா, பெக்கோவுக்கு மட்டம் தெரியாது. குளத்தை ஆழமாக்கினால் தண்ணீர் கூடும் என்று எல்லோரும் நம்புகிறோம். ஆனால் துருசின் வாய்க்குக் கீழே வெட்டிய பள்ளத்துத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. மாடு குடிக்கலாம், மீன் கிடக்கலாம், அவ்வளவுதான். அடியில் காலங்காலமாகப் படிந்த களியை வழித்தெடுத்துவிட்டால், நிற்கிற தண்ணீரும் கீழே மணலுக்குள் இறங்கிவிடும். கடலுக்குக் கிட்ட என்றால் உப்பு மேலே வந்துவிடும். சரி, வானை ஒரு அடி உயர்த்துவோம் என்றால், ஆயிரம் அடிக்கு ஒரு அடி சரிகிற நிலத்தில் தண்ணீர் ஆயிரம் அடி பின்னுக்கு ஏறும். அங்கே இன்னொருவரின் வயல் இருக்கும், சில வேளை மேற்குளத்தின் துருசே இருக்கும். அப்படி மெல்லிசாகப் பரவிய தண்ணீரைப் பங்குனி வெயில் குடித்துவிடும்.

இதையெல்லாம் ஒரு காலத்தில் தண்ணீர் முறை பார்க்கும் வட்டவிதானை மனக்கணக்கில் வைத்திருந்தார். 1990இலும் 2007, 2008இலும் இந்தப் பக்கத்துச் சனம் ஊரோடு பெயர்ந்தது. திரும்பி வந்தபோது குளக்கட்டில் காடு, வாய்க்காலில் நாணல். எந்தக் குளம் எதற்குக் கொடுக்கும், யாருக்கு முதல் முறை என்று தெரிந்த பெரியவர்கள் பலர் வந்து சேரவில்லை. கட்டைத் திருத்தக் காசு கிடைக்கிறது. ஆனால் அந்த ஒழுங்கைக் கேட்டு எழுதிவைப்பதற்கு யாரும் காசு ஒதுக்குவதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். இது என் மனவருத்தம். திருத்தி முடித்து நாட்டும் பெயர்ப்பலகையில் குளத்தின் பெயரும் செலவும் இருக்கும், மேற்குளத்தின் பெயர் இராது.

கீழேயும் பாருங்கள், தங்கச்சி. வயல்கள் கழித்த தண்ணீர் கடைசியில் வங்காலைக் கரையைத் தேடிப் போகிறது. 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட 4,839 ஹெக்டயர் அது. அங்கே பூநாரை மேய்கிற சதுப்பில் உப்பும் நன்னீரும் எவ்வளவு கலக்கும் என்பது மேலே நீங்கள் குறிக்கும் மட்டத்தையும் பொறுத்தது.

ஐப்பசி மழைக்கு முன்னம், உங்கள் தொடரில் உள்ள ஒவ்வொரு வானுக்கும் போய், எல்லாவற்றையும் ஒரே அடையாளக் கல்லிலிருந்து அளந்து பெயின்ற்றால் கோடு போட்டுவையுங்கள். மழை பிடித்ததும் அப்பாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போங்கள். எந்தக் குளம் முதலில் வான் பாயும், எது கடைசியில் என்று போகும் வழியிலேயே அவர் சொல்லிவிடக்கூடும். சொன்னால் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.