கொழுப்பின் கணக்கு – 14: மூக்கு வழியே போவது

கொழுப்புச் செல்லிலிருந்து கொழுப்பு எப்படிக் கிளம்புகிறது என்பதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். கொழுப்பு குறைய மெதுவான நடை நல்லதா, மூச்சு முட்டும் ஓட்டம் நல்லதா என்று இந்த வாரம் சொல்வதாக வாக்கு. சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் வேறொரு கேள்வி வாரம் முழுக்க என்னைப் பிடித்துவைத்துக்கொண்டது. அதைத் தாண்டாமல் நடைக்கோ ஓட்டத்துக்கோ போக முடியாது.

கிளம்பிய கொழுப்பு கடைசியில் எங்கே போகிறது?

பத்துக் கிலோ இளைத்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டை தொளதொளவென்று தொங்குகிறது, பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை. அவர் உடம்பில் இருந்த அந்தப் பத்துக் கிலோ எந்த வழியாக வெளியேறியது? பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டேன். வேர்வையாக என்றார்கள் சிலர். காலையில் கழிவாக என்றார் ஒருவர். எரிந்து சூடாகிவிட்டது என்றவர்கள்தான் அதிகம்.

இதே கேள்வியை ஆஸ்திரேலியாவில் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இருவர் மருத்துவர்கள், உணவியல் வல்லுநர்கள், உடற்பயிற்சியாளர்கள் என 150 பேரிடம் கேட்டார்கள். பெரும்பாலோர் சொன்னது அதே பதில்தான்: கொழுப்பு ஆற்றலாகவும் வெப்பமாகவும் மாறிவிடுகிறது. ஆனால் நம் உடம்புக்குள் ஒரு பொருள் வெப்பமாக மாறி மறைந்துபோக வழியில்லை. வெப்பம் வரும், பொருளின் எடை அப்படியே இருக்கும். விறகு எரிந்தால் சூடு கிடைக்கிறது, விறகு புகையாகவும் ஆவியாகவும் சாம்பலாகவும் போகிறது. சூடு வேறு, விறகு வேறு.

மீர்மன் இயற்பியல் படித்து, தொலைக்காட்சியில் அறிவியல் நிகழ்ச்சி நடத்தியவர். பிரவுன் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் பேராசிரியர். 2014 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை சில பக்கங்கள்தான். இந்த வாரத்தில் அதை நான்கு முறை படித்துவிட்டேன்.

உடம்பில் சேரும் கொழுப்பின் சராசரி மூலக்கூறு ஒன்றில் கார்பன் 55, ஹைட்ரஜன் 104, ஆக்சிஜன் 6. அது முழுதாக எரிய 78 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். எரிந்து முடிந்ததும் 55 கரியமில வாயு மூலக்கூறுகளும் 52 தண்ணீர் மூலக்கூறுகளும் மிஞ்சும். இதைக் கிலோக் கணக்கில் பாருங்கள். பத்துக் கிலோ கொழுப்பு கரைய 29 கிலோ ஆக்சிஜனை உள்ளே இழுக்க வேண்டும். 28 கிலோ கரியமில வாயுவும் 11 கிலோ தண்ணீரும் வெளியேறும். கொழுப்பின் எடையை மட்டும் பிரித்துப் பார்த்தால், பத்துக் கிலோவில் 8.4 கிலோ மூக்கு வழியே மூச்சாகப் போகிறது. 1.6 கிலோதான் தண்ணீராகிறது. அது வேர்வையாகவோ சிறுநீராகவோ மூச்சின் ஈரமாகவோ போகலாம்.

கொழுப்பை வெளியேற்றும் பெரிய வாசல் நுரையீரல். இதைப் படித்த அன்று இரவு கட்டிலில் படுத்தபடி என் மூச்சையே எண்ணிக்கொண்டிருந்தேன். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் சும்மா இருக்கும்போது ஒவ்வொரு மூச்சிலும் 8.9 மில்லிகிராம் கார்பன் வெளியே போகிறது. நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் நாளொன்றுக்கு 17,280 மூச்சு. ஆக, நாள் முழுக்க ஒன்றுமே செய்யாமல் கிடந்தாலும் 150 கிராமுக்குக் குறையாமல் கார்பன் போகும். அதில் மூன்றில் ஒரு பங்கு எட்டு மணி நேரத் தூக்கத்திலேயே போய்விடுகிறது. காலையில் எடை பார்க்கும் மெஷின் இரவில் காட்டியதைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, அப்படியென்றால் வேகவேகமாக மூச்சு விட்டால் இளைத்துவிடலாமா? முடியாது. தயவுசெய்து யாரும் முயற்சி செய்ய வேண்டாம். தசை கேட்காமல் மூச்சை மட்டும் அதிகப்படுத்தினால் ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்கும் கீழே இறங்கி, விரல் நுனி மரத்து, தலை சுற்றும். கொழுப்பு ஒரு மில்லிகிராம்கூட அதிகம் கரையாது. தசை வேலை செய்தால்தான் கூடுதல் கார்பன் பிரியும். பிரிந்ததை வெளியே தள்ளுவதுதான் மூச்சின் வேலை. சும்மா இருக்கும் ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக ஒரு மணி நேரம் மெல்லோட்டம் ஓடினால் கூடுதலாக 39 கிராம் கார்பன் போகும் என்பது அதே கட்டுரையின் கணக்கு.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. மூச்சு என்பதே மெதுவாக நடக்கும் எரிதல்தான், மெழுகுவத்தியில் நடப்பதும் மார்புக்குள் நடப்பதும் ஒன்றே என்று சொன்னவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர். 1790-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் உதவியாளர் செகன் என்பவரின் முகத்தில் முகமூடி மாட்டி, காலால் மிதிக்கும் கட்டையை மிதிக்கவைத்து, அவர் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறார் என்று அளந்தார். வேலை செய்யும்போது அளவு இரண்டரை மடங்குக்கு மேல் ஏறியது. உடற்பயிற்சியின்போது ஒரு மனிதனின் மூச்சை முதன்முதலில் கணக்கெடுத்தது அங்கேதான்.

அந்தச் சோதனையின் ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. வரைந்தவர் லவாய்சியரின் மனைவி மேரி-ஆன். முகமூடியும் குழாயுமாக செகன் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்சம் தள்ளி ஒரு மேஜை. அதன் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து குறிப்பெழுதுகிறார். அது மேரி-ஆனேதான். அந்த அறையில் தான் செய்த வேலையைத் தன் கையாலேயே படத்துக்குள் வரைந்துவைத்தார். ஆய்வுக்கூடங்களில் குறிப்பெழுதிய எத்தனையோ பெண்களின் பெயர் அழிந்துபோனது. இவர் தன்னை அழியவிடவில்லை. 1794-இல் லவாய்சியரை கில்லட்டினில் கொன்றார்கள். கணவரின் எழுத்துகளைப் பிறகு அச்சேற்றியவரும் மேரி-ஆன்தான். அவரைப் பற்றித் தனியாகவே ஓர் அத்தியாயம் எழுத ஆசை.

இனி என் அக்காவிடம் வருகிறேன். நடையா, ஓட்டமா என்ற கேள்வி என் வீட்டுக்குள் வந்தது அவளால்தான்.

அக்காவுக்கு 52 வயது. தினமும் மாலையில் மொட்டை மாடியில் நடப்பாள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொடிக்கம்பிவரை, மறுபடி தொட்டிக்கு. ஒருநாள் கூடவே நடந்தேன். நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தவள் கையில் கட்டியிருந்த வாட்ச் ‘பீப்’ என்றதும் சட்டென்று வேகத்தைக் குறைத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி பீப். மறுபடி குறைத்தாள்.

“ஏன்க்கா, மூச்சு வாங்குதா?”

“இல்லடி. 118-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினா கொழுப்பு கரையாதாம், சர்க்கரைதான் எரியுமாம். ஜிம்முல சார்ட்டே ஒட்டியிருக்கான்.”

எனக்கு வருத்தமாக இருந்தது. நன்றாக நடக்கக்கூடிய ஒரு பெண்ணின் காலை ஒரு சார்ட் கட்டிப்போட்டிருக்கிறது. 220-இலிருந்து வயதைக் கழித்தால் 168. அதில் 60 முதல் 70 சதவீதம், அதாவது 101-க்கும் 118-க்கும் நடுவே இதயத்துடிப்பு இருந்தால் அது ‘ஃபேட் பர்னிங் ஸோன்’. டிரெட்மில்லிலேயே இந்தப் படத்தை ஒட்டி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள்.

இந்தச் சார்ட் பொய்யில் பிறந்ததல்ல. அது வந்ததும் மூக்கிலிருந்துதான். மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் பாருங்கள். கொழுப்பு எரிய ஆக்சிஜன் 78, வெளியே வரும் கரியமில வாயு 55. ஐம்பத்தைந்தை எழுபத்தெட்டால் வகுத்தால் 0.7. சர்க்கரைக்கு, அதாவது குளுக்கோஸுக்கு, உள்ளே போவது 6, வெளியே வருவதும் 6. வகுத்தால் 1. ஆக, நடக்கிற ஒருவரின் முகத்தில் முகமூடி மாட்டி, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அளந்தால் போதும். விகிதம் 0.7-ஐ ஒட்டி இருந்தால் பெரும்பாலும் கொழுப்பு எரிகிறது. 1-ஐ ஒட்டி இருந்தால் பெரும்பாலும் சர்க்கரை. 0.85 என்றால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஊசி இல்லை, ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. உடம்புக்குள் எந்த விறகு எரிகிறது என்பதை மூச்சே சொல்லிவிடுகிறது. இதை எழுதும்போதே எனக்குச் சிலிர்க்கிறது.

மெதுவாக நடக்கும்போது இந்த விகிதம் கீழே இருக்கும். வேகம் கூடக் கூட 1-ஐ நோக்கி ஏறும். அவசரத்துக்குச் சர்க்கரைதான் சட்டென்று கைகொடுக்கும். கொழுப்பு நிதானமாகத்தான் எரியும். இதுவரை சார்ட் சொல்வது சரி. சதவீதத்தைக் காட்டிவிட்டு மொத்தத்தை மறைப்பதுதான் அதன் பிழை.

கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அரை மணி நேரம் மெதுவாக நடந்து 120 கலோரி செலவானது, அதில் 60 சதவீதம் கொழுப்பிலிருந்து. 72 கலோரி, அதாவது 8 கிராம் கொழுப்பு. அதே அரை மணி நேரம் வேகமாக ஓடி 300 கலோரி செலவானது, அதில் 35 சதவீதம்தான் கொழுப்பிலிருந்து. ஆனாலும் 105 கலோரி, 11 கிராமுக்கு மேல். சதவீதம் குறைந்தும் கொழுப்பு அதிகம். இது எல்லா வேகத்துக்கும் பொருந்தாது. சைக்கிள் வீரர்களை வைத்து 1993-இல் வெளிவந்த ஆய்வில், அவர்களின் உச்சத் திறனில் 65 சதவீத வேகத்தில்தான் நிமிடத்துக்கு அதிகக் கொழுப்பு எரிந்தது. 25 சதவீதத்தில் அதைவிடக் குறைவு, 85 சதவீதத்திலும் குறைவு.

அப்படியானால் 65-ஐப் பிடித்துக்கொண்டு நடக்கலாமா என்று கேட்பீர்கள். அதுவும் வேண்டாம். அந்த அரை மணி நேரத்தில் எரிந்தது எந்த விறகு என்ற கேள்வியே தேவையில்லை. நாளுக்கு இன்னும் இருபத்து மூன்றரை மணி நேரம் பாக்கி இருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தில், உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் அளக்கும் ஒரு சிறிய அறை. அறையே ஒரு பெரிய முகமூடி மாதிரி. உள்ளே ஒரு கட்டில், ஒரு சைக்கிள், அளந்து கொடுத்த சாப்பாடு. ஒருநாள் மெதுவாக மிதித்து 400 கலோரி செலவழிக்க வைத்தார்கள். இன்னொரு நாள் வேகமாக மிதித்து அதே 400 கலோரி. மிதித்ததோடு நிறுத்தாமல், சாப்பிட்டதும் உட்கார்ந்ததும் தூங்கியதுமாக 24 மணி நேர மூச்சையும் அளந்தார்கள். 2002-இல் முடிவு வந்தது. நாள் முழுக்க எரிந்த கொழுப்பில் வித்தியாசமே இல்லை. ஓடும்போது சர்க்கரையைச் செலவழித்த உடம்பு, ஓய்வில் கொழுப்பை எடுத்துச் சரிக்கட்டிவிடுகிறது. மெதுவாகப் போய்க் கொழுப்பைச் செலவழித்த உடம்பு பிறகு சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது.

இதை அக்காவிடம் மாடியிலேயே சொன்னேன். கொடிக்கம்பியைப் பிடித்தபடி நின்று கேட்டாள்.

“அப்ப நான் வேகமா நடக்கலாமா?”

“நடக்கா. தாராளமா நட.”

வாட்சைக் கழற்றிச் சுடிதார் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு அவள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தில் யார் யார் வந்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். முதல் சுற்றுகளில் கதை தொடர்ச்சியாக வந்தது. வேகம் கூடியதும் மூன்று நான்கு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினாள். கடைசிச் சுற்றில் கதை நின்றே போனது, கையை மட்டும் ஆட்டினாள். தன் உடம்பு எந்த வேகத்தில் போகிறது என்பதை அளக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. உடற்பயிற்சி ஆய்வாளர்களும் இந்தப் பேச்சுச் சோதனையைப் பயன்படுத்துகிறார்கள். முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் மிதமான வேகம். சில வார்த்தைகளுக்குமேல் பேச முடியாவிட்டால் கடுமையான வேகம். இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் அந்தக் கடைசிச் சுற்று வேகத்துக்குப் போகுமுன் தங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

தீர்ப்பைச் சுருக்கமாகவேனும் சொல்லிவிடுகிறேன். இடைவெளி விட்டு விட்டுக் கடுமையாகச் செய்யும் ‘ஹிட்’ பயிற்சியையும் தொடர்ச்சியான மிதமான பயிற்சியையும் ஒப்பிட்ட 13 ஆய்வுகளை, எடை கூடியவர்களிடம் நடந்தவற்றை, 2017-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். கொழுப்பும் இடுப்புச் சுற்றளவும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்திருந்தன. ‘ஹிட்’ செய்தவர்களுக்குச் சுமார் 40 சதவீதம் நேரம் மிச்சம். அவ்வளவுதான் வித்தியாசம்.

“ஓடி முடித்த பிறகும் மணிக்கணக்காகக் கொழுப்பு எரிந்துகொண்டே இருக்கும் என்கிறார்களே” என்று பலர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். அது உண்மைதான், ஆனால் அளவு பேசப்படுவதைவிட மிகச் சிறியது. அதற்கு முதுகில் பை கட்டிக்கொண்டு புல்வெளியில் ஓடிய நோபல் விஞ்ஞானி ஏ.வி. ஹில்லின் கதையிலிருந்து தொடங்க வேண்டும். நான்கு நிமிடப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்த ஜப்பானியர் இசுமி டபாட்டாவும் காத்திருக்கிறார். 1996-இல் வந்த அவருடைய புகழ்பெற்ற ஆய்வு கொழுப்பை அளக்கவே இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? இருவரும் அடுத்த வாரம்.

இறங்கி வரும்போது அக்கா கேட்டாள்: “மூச்சுல போற அந்தக் காத்தெல்லாம் அப்புறம் என்னடி ஆகும்?”

மாடிச் சுவரை ஒட்டி நின்ற முருங்கையைக் காட்டினேன். அதன் இலை கரியமில வாயுவைத்தான் இழுத்துக்கொள்கிறது. அக்கா சற்று நேரம் மரத்தையே பார்த்தாள். பிறகு கைக்கு எட்டிய கிளையை வளைத்து, ராத்திரி அடைக்கு இரண்டு கொத்துக் கீரை ஒடித்துக்கொண்டாள்.