வில்லின் ஒலியா, அம்பா? மானிடம் முதலில் போய்ச் சேர்வது எது?

வட அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்துவிட்டால் மான் வேட்டைப் பருவம் தொடங்கிவிடும். அங்கே வெள்ளைவால் மான்கள் சுமார் 30 மில்லியன் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவற்றைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த ஓநாய்கள் பல மாநிலங்களில் எப்போதோ அழிந்துபோயின. அதனால் அரசே உரிமம் கொடுத்து, எத்தனை மான், எந்த மாதம், எந்த ஆயுதம் என்று விதித்து வேட்டையை நடத்துகிறது. நம் நாட்டின் கதை தலைகீழ். காட்டில் மிஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. அவற்றுக்கு இரையாகும் கடமானும் குறைந்துவிட்டது. ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் வில்லைத் தூக்க வேண்டாம், மாணவர்களே! பேனாவையும் கணிப்பானையும் எடுத்தால் போதும்.

வில் வேட்டைக்காரர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு புகார் இருக்கிறது. மான் 30 மீட்டர் தூரத்தில் பக்கவாட்டில் அசையாமல் நிற்கிறது. குறி சரியாக இருக்கிறது. அம்பும் நேராகப் போகிறது. ஆனால் மானின் முதுகுக்கு மேலே பறந்துவிடுகிறது, அல்லது பட வேண்டிய இடத்துக்கு மேலே பட்டுவிடுகிறது. ‘அம்பைப் பார்த்து மான் குனிந்துவிட்டது’ என்பார்கள். மான் அம்பைப் பார்ப்பதில்லை. அது கேட்பது வில்லின் நாண் அதிரும் ஒலியை.

கணக்கைப் பார்ப்போம். இன்று பலர் பயன்படுத்தும் காம்பவுண்ட் வில்லில் சிறிய சக்கரங்கள் இருக்கும். அது எய்யும் அம்பின் வேகம் வினாடிக்கு 85 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம் இது. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர், அதாவது நான்கு மடங்கு. 30 மீட்டரைக் கடக்க அம்புக்கு 0.35 வினாடி வேண்டும், ஒலிக்கு 0.09 வினாடி போதும். ஆக, அம்பு வருகிறது என்ற செய்தி அம்புக்கு முன்பே, 0.26 வினாடி முந்தி, மானின் காதை எட்டிவிடுகிறது. கண் இமைக்கும் நேரம்தானே என்று விட்டுவிடாதீர்கள். மானுக்கு அது நீண்ட நேரம்.

ஒலி காதில் விழுந்து, மூளை அதை உணர்ந்து, தசைகளுக்குக் கட்டளை போய்ச் சேர 0.1 வினாடி என்று கொள்வோம். அதற்குப் பிறகு மான் என்ன செய்கிறது? உடனே பாயவில்லை. பாய வேண்டுமானால் முதலில் கால்களை மடக்க வேண்டும். நீங்கள் கூடைப்பந்து விளையாடும்போது எம்பிக் குதிக்கும் முன் முழங்காலை மடக்குகிறீர்கள் அல்லவா, அதேதான். மான் கால்களைத் தளர்த்திவிடுகிறது. உடல் கீழே விழுகிறது.

இங்கேதான் படிவம் 4 இயற்பியல் வருகிறது. கால்கள் தரையை அழுத்தினால் தரை உடலை மேல்நோக்கித் தள்ளும். உடலைக் கீழ்நோக்கி இழுக்கக் கால்களால் முடியாது, ஏனென்றால் குளம்புகள் தரையில் ஒட்டியிருக்கவில்லை. ஆகவே எவ்வளவு பயந்தாலும், மானின் நிறை மையம் தடையின்றி விழும் பொருளைவிட வேகமாகக் கீழே போகாது. உச்ச வரம்பு நமக்குத் தெரிந்த அதே சூத்திரம்: விழும் தூரம் = பாதி × 9.8 × நேரத்தின் வர்க்கம்.

30 மீட்டரில் மானுக்குக் கிடைக்கும் நேரம் 0.265 வினாடி. அதில் 0.1 போனால் மீதி 0.165. சூத்திரத்தில் போட்டால் 13 செ.மீ. வருகிறது. இதையே 20 மீட்டரில் செய்து பாருங்கள். மீதி நேரம் 0.076 வினாடி, விழும் தூரம் 3 செ.மீ.கூட இல்லை. 40 மீட்டரில்? மீதி நேரம் 0.253 வினாடி, விழும் தூரம் 31 செ.மீ.! தூரம் இரண்டு மடங்குதான் ஆனது. மானின் நகர்வோ பத்து மடங்குக்கும் மேல் ஆகிவிட்டது. நேரத்தின் வர்க்கம் செய்யும் வேலை இது. அதோடு அந்த 0.1 வினாடி எல்லாத் தூரத்துக்கும் ஒரே அளவில் கழிக்கப்படுகிறது என்பதையும் கவனியுங்கள்.

இந்த எண்களை ஒரு சாப்பாட்டுத் தட்டோடு ஒப்பிட வேண்டும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி, பக்கவாட்டில் பார்த்தால், ஏறத்தாழ 20 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டம். அங்கே பட்டால் மான் விரைவில் இறந்துவிடும். வட்டத்தின் நடுவே குறிவைத்தால் மேலே 10 செ.மீ., கீழே 10 செ.மீ. மட்டுமே இடம். 20 மீட்டரில் 3 செ.மீ. பிசகு ஒன்றும் செய்யாது. 30 மீட்டரில் 13 செ.மீ. என்றால் அம்பு வட்டத்துக்கு வெளியே. அப்போது மான் தப்பிப்பதும் இல்லை, உடனே சாவதும் இல்லை. காயத்தோடு காட்டுக்குள் ஓடி, எங்கேயோ படுத்துக் கிடக்கிறது. பொறுப்புள்ள வேட்டைக்காரர்கள் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். குறி முழுவதும் தவறிப்போனால் அவர்களுக்கு வெறும் ஏமாற்றம். பாதி பட்டால் அது ஓர் உயிரின் வேதனை.

எல்லா மானும் எல்லா நேரமும் இப்படிக் குனியாது. தலையைத் தாழ்த்தி நிம்மதியாக மேயும் மான் சற்றுத் தாமதமாக விழிக்கலாம். காதை நிமிர்த்திக்கொண்டு, சந்தேகத்தோடு நிற்கும் மான் ஏற்கெனவே பாதி பாய்ந்துவிட்ட மாதிரிதான். அதனால் அனுபவசாலிகள் தூரத்தை மட்டும் பார்ப்பதில்லை. மானின் காதையும் பார்க்கிறார்கள்.

அம்பும் விழுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. 30 மீட்டர் போவதற்குள் அது 61 செ.மீ. கீழே இறங்கியிருக்கும், 40 மீட்டரில் 1 மீட்டருக்கும் மேல். வில்லில் உள்ள குறிப்பான்கள் ஒவ்வொரு தூரத்துக்கும் ஏற்ப அம்பைச் சற்று மேல்நோக்கி எய்ய வைத்து இதைச் சரிக்கட்டுகின்றன. தூரத்தைத் தவறாகக் கணித்தால்? 20 மீட்டரில் நிற்பதை 15 என்று நினைத்தால் அம்பு 7 செ.மீ. தாழ்ந்துபோகும். 40 மீட்டரில் நிற்பதை 35 என்று நினைத்தால் 14 செ.மீ. தாழும். அதே 5 மீட்டர் பிழைதான், விளைவு இரட்டிப்பு. அதனால்தான் பலர் லேசர் தூரமானி வைத்திருக்கிறார்கள். ஒளி மானைத் தொட்டுத் திரும்பும் நேரத்தை அது அளக்கிறது. 30 மீட்டருக்கு அந்த நேரம் ஒரு வினாடியில் 5 மில்லியனில் ஒரு பங்கு. கையடக்கக் கருவி ஒன்று இதைச் செய்வது எனக்கு இன்னமும் வியப்பாகவே இருக்கிறது.

துப்பாக்கியில் இந்தப் பந்தயமே இல்லை. வேட்டைத் துப்பாக்கியின் தோட்டா பெரும்பாலும் ஒலியைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் போகும். மான் வெடிச் சத்தத்தைக் கேட்கும் முன் தோட்டா போய்ச் சேர்ந்துவிடும். அப்படியானால் துப்பாக்கிக்காரருக்கு முடிவெடுப்பது எளிது என்று தோன்றும். உண்மையில் அங்கே சிக்கல் வேறு: அது மான்தானா?

விடியற்காலை. மங்கிய வெளிச்சம். மூன்று மணி நேரமாகக் குளிரில் ஒருவர் காத்திருக்கிறார். புதருக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ அசைகிறது. மிரண்ட வெள்ளைவால் மான் வாலைத் தூக்கும்போது அதன் அடிப்பகுதி வெள்ளைக் கொடி போலத் தெரியும். இப்போது சுட வேண்டுமா, கூடாதா?

இந்த மாதிரி முடிவுகளை ஆராய ஓர் அறிவியலே இருக்கிறது. அதன் பெயர் சமிக்ஞை கண்டறிதல் கோட்பாடு. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையில் தெரியும் புள்ளி எதிரி விமானமா, வெறும் இரைச்சலா என்று ஆட்கள் குழம்பினார்கள். அந்தக் குழப்பத்தைக் கணிதமாக்கும் வேலை 1950களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேகம் பிடித்தது. பிறகு உளவியலாளர்கள் அதை மனித மூளைக்கும் பொருத்தினார்கள்.

கோட்பாடு சொல்வது எளிது. அங்கே இருப்பது மானாகவும் இருக்கலாம், மான் அல்லாததாகவும் இருக்கலாம். நீங்கள் சுடலாம், சுடாமலும் இருக்கலாம். ஆக நான்கு விளைவுகள். மான் இருந்து சுட்டால் வெற்றி. மான் இல்லாதபோது சுடாமல் விட்டால் அதுவும் சரியான முடிவுதான், யாரும் பாராட்டாவிட்டாலும். மான் இருந்தும் சுடாவிட்டால் ‘தவறவிடுதல்’. மான் இல்லாதபோது சுட்டால் ‘பொய் எச்சரிக்கை’. பிழைகள் இரண்டு வகை என்பதுதான் இங்கே முக்கியம். ஒன்றைக் குறைக்க முனைந்தால் மற்றது கூடும். ‘இந்த முறை விட்டுவிடக் கூடாது’ என்று அவசரப்படுபவரிடம் தவறவிடுதல் குறையும், பொய் எச்சரிக்கை பெருகும். மிகவும் தயங்குபவரிடம் நேர்மாறு.

உங்கள் வீட்டுப் புகை எச்சரிக்கைக் கருவி ரொட்டி கருகினாலே அலறுகிறதா? அது வேண்டுமென்றே அப்படி அமைக்கப்பட்டது. உண்மையான தீயைத் தவறவிட்டால் உயிர் போகும். வீணாக அலறினால் கொஞ்சம் எரிச்சல்தான். வேட்டைக்காரரின் நிலை இதற்கு நேர் எதிர். மானைத் தவறவிட்டால் நாளைக்கு வேறொரு மான் வரும். பொய் எச்சரிக்கை என்றால் புதருக்குப் பின்னால் இருப்பது ஒரு மனிதராக இருக்கலாம்.

1988 நவம்பரில் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், ஹெர்மன் என்ற ஊரில் இது நடந்தது. இரட்டைக் குழந்தைகளின் தாய் ஒருவர் தன் வீட்டின் பின்புறத்தில் சுடப்பட்டு இறந்தார். அவர் வெள்ளைக் கையுறை அணிந்திருந்தார். தான் கண்டது மான் என்றே வேட்டைக்காரர் கூறினார். 1990இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வேட்டைப் பருவத்தில் அந்தப் பெண் ஏன் ஆரஞ்சு உடை அணியவில்லை என்று அந்தப் பகுதியில் சிலர் கேட்டார்கள். சொந்த வீட்டுக்குப் பின்னால் நிற்பவரிடம் கேட்கும் கேள்வியா அது? மான்தானா என்று உறுதிசெய்ய வேண்டிய பொறுப்பு துப்பாக்கி பிடித்தவருடையது. மெயின் மாநிலச் சட்டம் பின்னர் அதைத்தான் எழுத்தில் வைத்தது: விலங்கின் தலையும் உடற்பகுதியும் தெளிவாகத் தெரியாமல் சுடக் கூடாது. வெள்ளையாக ஏதோ அசைந்தது என்பது போதாது.

அந்த வேட்டைக்காரர் பொய் சொன்னார் என்று நாம் முடிவுகட்டத் தேவையில்லை. பல மணி நேரம் ஒன்றையே எதிர்பார்த்திருக்கும் மூளை, அரைகுறைத் தகவலை அந்த எதிர்பார்ப்பைக் கொண்டு நிரப்பிவிடும். நண்பருக்காகப் பேருந்து நிலையத்தில் காத்திருக்கும்போது, தூரத்தில் வரும் யாரோ ஒருவர் அவரைப் போலவே தெரிவதில்லையா? அதோடு இதயம் வேகமாகத் துடித்து, அட்ரினலின் சுரந்து, கை நடுங்கும் நேரம் அது. வேட்டைக்காரர்கள் இதை ‘மான் காய்ச்சல்’ என்றே அழைக்கிறார்கள்.

இரண்டு பிழைகளையும் ஒருசேரக் குறைக்க ஒரே வழி கூடுதல் தகவல். வெளிச்சம் வரும்வரை காத்திருப்பது, தொலைநோக்கியால் பார்ப்பது, மற்ற மனிதர்களை எளிதில் அடையாளம் காணச் செய்வது. ஒளிரும் ஆரஞ்சு உடை இந்த மூன்றாவது வகை. பென்சில்வேனியாவில் துப்பாக்கியால் மான் வேட்டையாடுவோர் தலை, மார்பு, முதுகு என மொத்தம் 250 சதுர அங்குலம், அதாவது சுமார் 1,600 சதுர செ.மீ., ஆரஞ்சு அணிந்தே ஆக வேண்டும். அப்படிப் பளிச்சென்று இருந்தால் மானும் பார்த்துவிடாதா? 1990களில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் மான்களின் கண்களில் பல நிற ஒளியைப் பாய்ச்சி, விழித்திரையின் மின் துடிப்பை அளந்தார்கள். நம் கண்ணில் மூன்று வகைக் கூம்பு செல்கள். மானுக்கு இரண்டே வகை. நீலம் அதற்கு நன்றாகத் தெரியும். ஆரஞ்சும் சிவப்பும் மங்கிய நிறமாகவே தெரியும். நமக்குக் கத்துகிற நிறம் மானுக்கு முணுமுணுக்கிறது! நீல ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போவதுதான் வம்பு.

வகுப்பில் செய்ய ஒரு சோதனை. நண்பர் 30 செ.மீ. அளவுகோலின் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழ்முனையில், சுழி இருக்கும் இடத்தில், உங்கள் விரல்களைத் தொடாமல் வையுங்கள். சொல்லாமல் விடச் சொல்லிப் பிடியுங்கள். 15 செ.மீ.யில் பிடித்தால் உங்கள் மறுவினை நேரம் 0.175 வினாடி, 20 செ.மீ.யில் என்றால் 0.2 வினாடி. மான் விழுந்த அதே சூத்திரம்தான். இப்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அளவுகோலை விடும் நொடியிலேயே நண்பர் ‘விடு’ என்று சொல்லட்டும். பெரும்பாலோருக்குக் கண்ணைவிடக் காது சற்று முந்திக்கொள்ளும்.

ஒரு கணக்கும் தருகிறேன். குறுக்குவில்லின் அம்பு வினாடிக்கு 120 மீட்டர் வேகத்தில் போகிறது. 40 மீட்டரில் மான் எவ்வளவு குனிந்திருக்கும்? 31 செ.மீ. அல்ல, 7 செ.மீ.க்கும் சற்றுக் குறைவு என்று விடை வர வேண்டும். ஆனால் குறுக்குவில் சாதாரண வில்லைவிட அதிகமாகச் சத்தம் போடும். அதனால் ஒலி மானை முன்கூட்டியே எட்டுமா என்று யாராவது கேட்டால், எட்டாது என்று சொல்லுங்கள். மெல்லிய ஒலியும் பேரொலியும் காற்றில் ஒரே வேகத்தில்தான் போகின்றன. மான் எவ்வளவு திடுக்கிடும் என்பது மட்டுமே மாறும்.