ஆடியில் ஊரிலே காற்று, இங்கே மழை!

மெட்டுகுடா: "ஊரிலே மழை உண்டா?" சிகந்திராபாத்தை அடுத்த மெட்டுகுடா, லாலாகுடா பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஊரோடு பேசும்போது தவறாமல் கேட்கும் கேள்வி இது. ஆடி மாதத்தில் கேட்டால், "எங்கே மழை? காற்றுதான்" என்பதே பெரும்பாலும் பதில். அதே நாட்களில் இங்கே குடையில்லாமல் வேலைக்குக் கிளம்ப முடிவதில்லை. ஐப்பசியிலோ நிலைமை தலைகீழ். இந்த வேற்றுமை ஏன்?

காற்றுப் போர்வை

பூமியைக் காற்று ஒரு போர்வைபோல் சுற்றியிருக்கிறது. அதில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். இவற்றோடு கலந்திருக்கும் நீராவி மிகக் குறைவுதான். ஆனால் மேகம், மழை, பனி எல்லாம் அந்தக் கொஞ்சத்தின் வேலையே.

உயரே போகப் போகக் காற்று லேசாகிறது, குளிர்ச்சியும் கூடுகிறது. 1,000 மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது கணக்கு. ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயரோடு கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரமும் எழுதியிருக்கும். சென்னை சென்ட்ரலில் அது சில மீட்டர்தான். சிகந்திராபாத்திலோ 500 மீட்டருக்கும் மேல். கடலும் இங்கிருந்து வெகுதூரம். ஆகவே காற்றில் ஈரம் குறைவு. பகலில் சீக்கிரம் சூடேறி, இரவில் சீக்கிரம் ஆறிவிடும். சித்திரை வெயில் சுட்டெரிப்பதும், மார்கழி இரவில் கம்பளி தேவைப்படுவதும் இதனால்தான்.

இரண்டு பருவக்காற்று

கோடையில் நிலம் கடலைவிட அதிகமாகக் காய்கிறது. சூடான காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று ஈரத்தோடு உள்ளே வருகிறது. இதுவே தென்மேற்குப் பருவக்காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் கேரளத்தில் கொட்டிவிட்டு, மலை இறங்கித் தமிழகத்திற்கு வரும்போது அது வறண்ட காற்றாகிவிடுகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்தக் காற்றைத்தான்.

ஹைதராபாத்தும் மலைக்கு இந்தப் பக்கம்தான். ஆனால் அந்த மாதங்களில் வங்கக் கடலின் வடபகுதியில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு நிலைகள் ஈரக் காற்றை இழுத்துவந்து தெலங்கானாவுக்கு மழை தருகின்றன. இங்கே ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் முக்கால் பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெய்துவிடும்.

அக்டோபருக்குப் பின் காற்று திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வங்கக் கடலைக் கடந்து ஈரம் சுமந்துவரும் காற்று தமிழகக் கரையில் மழையாகிறது. சென்னையில் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பெரும்பகுதி இந்த மழைதான். ஹைதராபாத்துக்கு அந்தக் காற்று பெரும்பாலும் தரைவழியே வருவதால் வெறுங்கையோடு வருகிறது.

மூசி தந்த பாடம்

இது பல ஆண்டுச் சராசரி; அதாவது தட்பவெப்ப நிலை. இன்று மாலை மழை வருமா என்பது வானிலை. முன்னதை நம்பிப் பின்னதை அலட்சியம் செய்யக் கூடாது. 1908 செப்டம்பர் 28-ல், பருவம் முடியப்போகும் நேரத்தில், மூசி நதி பொங்கி நகரையே சூறையாடியது. சுமார் 15,000 பேர் மாண்டார்கள். அப்சல்கஞ்ச் ஆஸ்பத்திரி வளாகத்துப் புளியமரம் ஒன்றில் ஏறிச் சுமார் 150 பேர் உயிர் தப்பினார்கள். அந்த மரம் பின்னாளிலும் நினைவுச் சின்னமாகப் போற்றப்பட்டது. பிறகு பொறியியல் மேதை விசுவேசுவரய்யாவின் யோசனைப்படி கட்டப்பட்டவையே உஸ்மான் சாகர் (1920), ஹிமாயத் சாகர் (1927) நீர்த்தேக்கங்கள். வெள்ளத்தைத் தடுக்க வந்தவை நகருக்குக் குடிநீரும் தந்தன.

2000 ஆகஸ்டிலும் 2020 அக்டோபரிலும் பெருமழை மீண்டும் நகரை மூழ்கடித்தது. இரண்டாவது மழை, காக்கிநாடா அருகே கரையேறிய தாழ்வு மண்டலத்தின் வேலை. ஐப்பசியை ஒட்டி இங்கும் வானம் பொத்துக்கொள்ளலாம் என்பதற்கு அது சாட்சி.

ஊரில் புரட்டாசிக்குள் ஓடு மாற்றிவிடுவது வழக்கம். அந்த நினைப்பிலேயே இங்கும் இருந்தால் நனைய வேண்டியதுதான். கூரை ஒழுகலையும் சாக்கடை அடைப்பையும் வைகாசி பாதிக்குள் சரிசெய்துவிட வேண்டும். வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள், நாலா ஓரமா, மேட்டு நிலமா என்று விசாரித்து முன்பணம் கொடுப்பது நல்லது.