பெருவடிவ வியூ கேமராவில் டிஜிட்டல் பேக்

டிஜிட்டல் பேக் (எண்ணிமப் பின்பகுதி) என்பது பெருவடிவ வியூ கேமராவின் பின்புறத்தில், பிலிம் ஹோல்டர் செருகப்படும் இடத்தில் பொருத்தப்படும் பட உணரிப் பெட்டி ஆகும். இதைப் பொருத்தியதும், படச்சுருளுக்காக உருவாக்கப்பட்ட கேமரா ஓர் எண்ணிமக் கேமராவாக மாறுகிறது. கட்டடக்கலை, விளம்பரப் பொருள்கள், ஓவியங்கள், பழைய ஆவணங்கள் ஆகியவற்றைப் படமெடுப்பதில் இது பயன்படுகிறது. கேமராவின் பின்பகுதியை மாற்றுவது எளிது. ஆனால் பிலிமுக்குப் பொருந்திய வில்லை, திறப்பு அளவு, குவியப்படுத்தும் முறை ஆகியவை உணரிக்கு அப்படியே பொருந்துவதில்லை.

வியூ கேமராவின் அமைப்பு

வியூ கேமராவில் வில்லையைத் தாங்கும் முன்சட்டம், படத்தளத்தைத் தாங்கும் பின்சட்டம் என இரு சட்டங்கள் உள்ளன. இவற்றை ஒளிபுகாத் துருத்தி ஒன்று இணைக்கிறது. இரு சட்டங்களையும் தனித்தனியே உயர்த்தவும், தாழ்த்தவும், பக்கவாட்டில் நகர்த்தவும், சாய்க்கவும், திருப்பவும் முடியும். உயரமான கட்டடத்தைப் படமெடுக்கும்போது கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்தால் சுவர்கள் மேலே குறுகித் தெரியும். கேமராவை நேராக வைத்து வில்லையை மட்டும் உயர்த்தினால் சுவர்கள் நேராகவே பதிவாகும்.

சாய்க்கும் அசைவு குவியத் தளத்தை மாற்றுகிறது. வில்லைத் தளமும் படத்தளமும் ஒரு கோட்டில் சந்திக்குமாறு சாய்த்தால், கூர்மையாகத் தெரியும் தளமும் அதே கோட்டின் வழியே செல்லும். இது ஆஸ்திரிய நாட்டுப் படை அதிகாரி தியோடர் ஷைம்ப்ளுக்கின் பெயரால் ஷைம்ப்ளுக் விதி எனப்படுகிறது. இவர் 1904-இல் இது தொடர்பான காப்புரிமையைப் பெற்றார். இந்த அசைவுகளை இழக்காமல் எண்ணிமப் படம் எடுப்பதே டிஜிட்டல் பேக்கின் முதன்மை நோக்கம்.

வகைகள்

1. வருடும் பேக்: இதில் உணரி ஒரு மெல்லிய கோடு போன்றது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களுக்கு ஒவ்வொரு வரிசை உண்டு. இது படத்தளத்தின் குறுக்கே மெதுவாக நகர்ந்து, வரி வரியாகப் படத்தைப் பதிவு செய்கிறது. பெட்டர் லைட் நிறுவனத்தின் பேக்குகள் 72×96 மி.மீ. பரப்பை வருடுகின்றன. 4×5 அங்குலக் கேமராவில் பிலிம் ஹோல்டரைப் போலவே இவற்றைச் செருகலாம். ஒவ்வொரு படப்புள்ளியிலும் மூன்று நிறங்களும் நேரடியாக அளக்கப்படுவதால் நிறத்துல்லியம் மிகுதி. ஆனால் நேரம் அதிகம். 8000 வரிகள் கொண்ட படத்தில் ஒரு வரிக்கு 1/15 நொடி எடுத்தால், முழுப் படத்துக்கு ஏறத்தாழ 9 நிமிடங்கள் ஆகும். அதற்குள் காற்றில் இலை அசைந்தாலும் உருவம் சிதையும். விளக்கு மினுங்கினால் படத்தில் பட்டைகள் விழும். ஆகவே இவை அசையாத ஓவியங்களுக்கும் ஆவணங்களுக்கும், சீராக எரியும் விளக்கொளிக்குமே ஏற்றவை.

2. ஒரே வீச்சில் பதியும் பேக்: இதில் உணரி முழுச் செவ்வகமாக இருப்பதால் படம் ஒரே நேரத்தில் பதிவாகிறது. 1990களின் தொடக்கத்தில் வெளிவந்த லீஃப் நிறுவனத்தின் பேக் 2048×2048 படப்புள்ளிகள் கொண்டது. நிறப்படத்துக்கு வடிகட்டிகளை மாற்றி மூன்று முறை எடுக்க வேண்டியிருந்தது. 2018-இல் அறிவிக்கப்பட்ட பேஸ் ஒன் ஐகியூ4 பேக் 53.4×40 மி.மீ. உணரியில் 15 கோடிப் படப்புள்ளிகளைக் கொண்டுள்ளது.

உணரியின் அளவும் பார்வைக் கோணமும்

4×5 அங்குலப் பிலிமில் படம் பதியும் பரப்பு சுமார் 95×120 மி.மீ. இது மேற்கண்ட பெரிய உணரியைப் போல் 5 மடங்குக்கும் அதிகம். சில்லு தயாரிப்பில் ஒருமுறை ஒளிபாய்ச்சி அச்சிடக்கூடிய பரப்பு சுமார் 26×33 மி.மீ. மட்டுமே. அதைவிடப் பெரிய உணரிகளைப் பகுதி பகுதியாக அச்சிட்டு இணைக்க வேண்டும். பரப்பு கூடும்போது குறைபாடுள்ள சில்லுகளும் கூடுவதால் விலை வேகமாக உயர்கிறது. 9×11 அங்குல உணரி கொண்ட லார்ஜ்சென்ஸ் கேமரா 2018-இல் வந்தபோது அதன் விலை 1 லட்சம் டாலருக்கு மேல் இருந்தது. அதில் இருந்ததோ சுமார் 12 மெகாபிக்சல்தான்.

உணரி சிறியதாக இருப்பதால் பார்வைக் கோணமும் குறுகுகிறது. மூலைவிட்ட அளவில் இரண்டுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 2.3. எனவே 4×5 பிலிமில் அகலக்கோண வில்லையாக இருக்கும் 90 மி.மீ. வில்லை, உணரியில் 200 மி.மீ.க்குச் சற்று அதிகமான வில்லை போல் நடந்துகொள்ளும். பழைய கோணத்தைப் பெற சுமார் 39 மி.மீ. வில்லை தேவை. அவ்வளவு குறுகிய வில்லைக்கு முன்சட்டமும் பின்சட்டமும் மிக நெருங்க வேண்டும். துருத்தி சுருங்கி இறுகுவதால் அசைவுகளுக்கு இடம் இருப்பதில்லை. இதனால் தளர்வான பை வடிவத் துருத்தி, உள்ளமிழ்ந்த வில்லைப் பலகை ஆகியவை பயன்படுகின்றன. ஆல்பா, கேம்போ போன்ற நிறுவனங்கள் துருத்தியற்ற சிறிய தொழில்நுட்பக் கேமராக்களையும் உருவாக்கியுள்ளன.

குவியத் துல்லியம்

பிலிமில் 0.1 மி.மீ. அளவு மங்கல் வட்டம் ஏற்கத்தக்கது எனக் கொண்டால், எஃப்/22 திறப்பில் படத்தளம் இருபுறமும் 2.2 மி.மீ. வரை விலகலாம். 3.76 மைக்ரான் படப்புள்ளி கொண்ட உணரியில் இரண்டு புள்ளி அளவு மங்கலை மட்டும் ஏற்பதாகக் கொண்டால், எஃப்/8 திறப்பில் இந்த விலகல் 0.06 மி.மீ. மட்டுமே. இது சாதாரணக் காகிதத் தாளின் தடிமனை விடக் குறைவு. தேய்ந்த பழைய கேமராவில் சட்டங்கள் இணையாக இல்லாமல் சிறிது சாய்ந்திருந்தால், பிலிமில் தெரியாத அந்தக் குறை உணரியில் ஒரு பக்கம் மங்கலாக வெளிப்படும்.

தேய்த்த கண்ணாடியை உருப்பெருக்கியால் பார்த்து இந்தத் துல்லியத்தை அடைவது கடினம். 2014-இல் சிமாஸ் உணரி கொண்ட பேக்குகள் அறிமுகமான பின், படத்தைத் திரையில் நேரலையாகப் பெரிதாக்கிப் பார்த்துக் குவியப்படுத்துவது எளிதாயிற்று.

திறப்பும் விளிம்பு விளைவும்

பெருவடிவப் பிலிம் கேமராவில் எஃப்/22, எஃப்/32 போன்ற சிறிய திறப்புகள் வழக்கம். ஒளியின் விளிம்பு விளைவால் ஒரு புள்ளி சிறு வட்டமாகப் பரவுகிறது. பச்சை ஒளியில் அதன் விட்டம் எஃப்/22-இல் சுமார் 30 மைக்ரான், எஃப்/8-இல் சுமார் 11 மைக்ரான். பிலிமை அதிகம் பெரிதாக்க வேண்டியதில்லை என்பதால் 30 மைக்ரான் உறுத்துவதில்லை. உணரியிலோ அது 8 படப்புள்ளிகளின் அகலத்தில் பரவி, நுண்விவரங்களை அழிக்கிறது. ஆகவே எஃப்/8 முதல் எஃப்/11 வரையிலான திறப்புகளே விரும்பப்படுகின்றன. இவற்றில் கூர்மையாக இயங்குமாறு ரோடன்ஸ்டாக், ஷ்னைடர் நிறுவனங்கள் தனி வில்லைகளை வடிவமைத்தன. திறப்பைக் குறைத்துப் புல ஆழத்தைப் பெறும் வழி அடைபடுவதால், சாய்க்கும் அசைவின் தேவை இங்கு இன்னும் கூடுகிறது.

வண்ணச் சாயல்

பிலிம் சாய்வாக வரும் ஒளியையும் பெருமளவு ஏற்கும். உணரியில் சாய்ந்த கதிர் அடுத்த படப்புள்ளிக்குள் கசிவதால், படத்தின் ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் செந்நீலமாகவும் தோன்றலாம். அகலக்கோண வில்லையை நகர்த்தும்போது இது அதிகம். வில்லையின் முன் வெண்ணிற ஒளிகசியும் தகட்டை வைத்து, அதே அமைப்பில் ஒரு படம் எடுத்து, மென்பொருளில் அதைக் கொண்டு சாயலை நீக்குவர். ஒவ்வொரு அசைவுக்கும் தனித் திருத்தப் படம் தேவை. பின்புற ஒளியேற்பு உணரிகளில் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறைந்துள்ளது.

படங்களை இணைத்தல்

வில்லையை அசைக்காமல் பின்சட்டத்தை மட்டும் நகர்த்திப் பல படங்கள் எடுத்து இணைக்கலாம். வில்லை அதே இடத்தில் இருப்பதால் இடமாறு தோற்றப் பிழை வராது. 53.4×40 மி.மீ. உணரியைச் செங்குத்தாக வைத்து இருபுறமும் 15 மி.மீ. நகர்த்தினால், 70×53.4 மி.மீ. பரப்பும் சுமார் 264 மெகாபிக்சலும் கிடைக்கும். இதற்கு ஏறத்தாழ 88 மி.மீ. விட்டமுள்ள பட வட்டம் தரும் வில்லை வேண்டும். நகரும் மேகம், மனிதர், வாகனம் ஆகியவை இணைப்பில் முறிந்து தெரியும்.

தேர்வு

நீண்ட குவியத் தொலைவில், அசையாத பொருள்களை எடுப்பவருக்குப் பழைய வியூ கேமராவும் டிஜிட்டல் பேக்கும் நன்கு இணங்கும். அகலக்கோணக் கட்டடப் படங்களுக்குத் துல்லியமான புதிய கேமராவும் அதற்கான வில்லைகளும் தேவை. பேக்குக்குப் பதிலாக 44×33 மி.மீ. உணரி கொண்ட கண்ணாடியற்ற கேமராவையும் பின்சட்டத்தில் பொருத்தலாம். அதன் செலவு குறைவு. ஆனால் அதன் உணரி உட்புறம் ஆழத்தில் இருப்பதால் குறுகிய வில்லைகள் குவியாது. அசைவுகள் அதிகமானால் வில்லை வளையத்தின் விளிம்பு ஒளியை மறைக்கும்.