பழைய விடெக்கா, புதிய டர்போவா?

டீ வரட்டும் தம்பி, அவசரமில்லை. இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் வைத்திருப்பவர்கள் ஊரில் நிறையப் பேர். ‘பழசு மாதிரி வருமா?’ என்று ஒரு கட்சி. ‘இருபது வருஷத்து இரும்பைக் காசு கொடுத்து வாங்குவானா ஒருத்தன்?’ என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் பெரும்பாலும் எதிர்க்கட்சியின் காரை ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உங்கள் மனதில் இருப்பவை இரண்டு கார்கள். ஒன்று, 2000-ஐ ஒட்டி வந்த ஹோண்டா சிட்டி 1.5 விடெக். அடுத்தது, 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினோடு 2022-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜி.டி., அல்லது அதே இன்ஜினோடு வரும் ஸ்கோடா ஸ்லாவியா. பார்வைக்கு இரண்டும் டிக்கி வைத்த குடும்பக் கார்கள்தான். ஓட்டப் போவதோ தாம்பரத்திலும் ஜி.எஸ்.டி. சாலையிலும், எப்போதாவது ஏற்காடு மலையிலும். இதை மறக்காமல் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். சிட்டிக்கு 106 குதிரைத் திறன், எடை ஒரு டன்னை ஒட்டி. விர்டஸுக்கு 150, எடை ஒன்றேகால் டன்னை ஒட்டி. வகுத்துப் பாருங்கள்: டன்னுக்கு 106-க்கும் 120-க்கும் உள்ள வித்தியாசம்தான் மிஞ்சுகிறது. இருபது ஆண்டுக்கும் மேலான தொழில்நுட்ப வளர்ச்சியில் பெரும்பகுதியை எடை தின்றுவிட்டது. அந்த எடை எங்கே போனது என்பதைப் பிறகு சொல்கிறேன். அது வீணாகப் போகவில்லை.

ஆனால் இந்த வகுத்தல் கணக்கு ஒரு விஷயத்தை மறைக்கிறது. திறன் எவ்வளவு என்பதைப் போலவே, அது எப்போது வருகிறது என்பதும் முக்கியம். இங்கேதான் இரண்டு இன்ஜின்களின் குணமும் பிரிகிறது.

விடெக் என்ன செய்கிறது? இன்ஜினின் வால்வுகளைத் திறப்பவை கேம் ஷாஃப்டில் இருக்கும் முட்டை வடிவ மேடுகள். மேடு உயரமாக இருந்தால் வால்வு அதிகம் திறக்கும், கூடுதல் நேரம் திறந்திருக்கும். வேகமாகச் சுழலும்போது அது வரம். காற்று தாராளமாக உள்ளே போகும். அதே மேடு சிக்னலில் நிற்கும்போது சாபம். இன்ஜின் உதறும், பெட்ரோல் வீணாகும். ஹோண்டா தாழ்ந்த மேடு, உயர்ந்த மேடு இரண்டையும் ஒரே ஷாஃப்டில் வைத்துவிட்டது. சாதாரண வேகத்தில் வால்வுகள் தாழ்ந்த மேட்டின் பேச்சைக் கேட்கும். சுழற்சி ஏறியதும் இன்ஜின் ஆயிலின் அழுத்தம் ஒரு சிறு பின்னைத் தள்ளும். ராக்கர் ஆர்ம்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு உயர்ந்த மேட்டைப் பின்தொடரும். அந்த நொடியில் சத்தமே மாறும். (வாங்கப் போகும்போது நினைவில் வையுங்கள்: எல்லாம் ஆயில் அழுத்தத்தின் வேலை என்பதால், ஆயில் குறைந்த, கவனிப்பில்லாத விடெக்கில் அந்த மேல் பாதி எழாமலே போகலாம்.) 106 குதிரையும் வந்து சேர்வது 7,000 சுழற்சிக்குப் பக்கத்தில். அதுவரை காலால் விரட்டி, கையால் கியர் மாற்றி, நீங்கள்தான் கொண்டு போக வேண்டும்.

டர்போவுக்கு அந்தப் பொறுமை தேவையில்லை. வெளியேறும் புகையைக் கொண்டே ஒரு விசிறியைச் சுழற்றி, உள்ளே போகும் காற்றை அழுத்தித் திணிக்கிறது. விர்டஸின் 250 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை 1,600 சுழற்சியிலேயே முழுசாக வந்து 3,500 வரை அப்படியே நிற்கும். சிட்டியின் விசை இதில் ஏறத்தாழ பாதி, அதுவும் மேலே போனால்தான். செங்கல்பட்டு தாண்டி ஒரு லாரி முன்னால் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விர்டஸில் வலது காலை அழுத்தினால் போதும், தாண்டிவிடலாம். சிட்டியில் முன்கூட்டியே யோசித்து, மூன்றாவது கியருக்கு இறங்கி, இன்ஜினைப் பாடவிட்டுத் தாண்ட வேண்டும்.

இதில் எது நல்லது? அவசரக்காரர் டர்போ என்பார். நான் கேட்பது வேறு: தெருவில் எத்தனை வேகத்தில் உங்களுக்குச் சந்தோஷம் தொடங்குகிறது? 2018-ல் மத்திய அரசு அறிவித்த உச்ச வரம்பு நான்குவழிச் சாலையில் காருக்கு 100 கிலோமீட்டர், எக்ஸ்பிரஸ்வேயில் 120. சிட்டி 60-லேயே பேச ஆரம்பித்துவிடும். ஹைட்ராலிக் ஸ்டீயரிங் வழியாகச் சாலையின் சொரசொரப்பு உள்ளங்கைக்கு வரும். ஆக்சிலரேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போவது ஒரு கம்பி. கால் அசைந்த கணத்தில் பதில் வரும். காரின் திறமையில் முக்கால்வாசியை லைசென்ஸுக்கு ஆபத்தில்லாமல் பயன்படுத்தலாம். விர்டஸில் அதே 60 என்பது சோபாவில் உட்கார்ந்திருப்பது போல. அது ‘நான் என்ன செய்வேன் பார்’ என்று காட்டத் தொடங்கும்போது ஸ்பீடோமீட்டர் முள் சட்டத்தைத் தாண்டியிருக்கும். பழைய காரைப் பிடித்தவர்கள் ‘உயிர் இருக்கு’ என்று சொல்வதன் பின்னால் இருப்பது இந்த வேகக் கணக்குதான் என்பது என் கட்சி. மிச்சமெல்லாம் ஏக்கம்.

பாதுகாப்புக்கு வருவோம். இதில் நான் நடுநிலை காட்டப் போவதில்லை.

நகரும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 60-ல் போகும் கார் 100-க்குப் போனால், மோதலில் தீர்க்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 2.8 மடங்கு. விடெக் வந்த நாளில் நம் நாட்டில் ஏ.பி.எஸ்., ஏர்பேக் எதுவும் கட்டாயமில்லை. எல்லாப் புதுக் கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில். முன்னிருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமானது 2022 ஜனவரியில். உங்கள் கண்ணில் படும் சிட்டியில் இரண்டும் இருக்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த சாலையில் பிரேக்கை ஏறி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் ஸ்டீயரிங் சொல் கேட்காது. விர்டஸ், ஸ்லாவியா இரண்டுக்கும் 2023-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர், குழந்தை இரு பிரிவிலும் ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. கார் வழுக்கத் தொடங்கினால் தனித்தனிச் சக்கரத்தைப் பிரேக் பிடித்து நேராக்கும் ஈ.எஸ்.சி.யும் உண்டு. கூடுதல் கால் டன்னில் நல்ல பங்கு இங்கேதான் போயிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. பழைய சிட்டியில் உட்கார்ந்தால் கண்ணாடித் தொட்டிக்குள் இருப்பதுபோல் நாலாபுறமும் தெரியும். முன் கண்ணாடியின் இருபக்கத் தூண்களும் அவ்வளவு மெலிசு. புதிய காரில் தூண் தடிமன். வளைவில் ஒரு முழு மோட்டார் சைக்கிளையே மறைத்துவிடும். ஆனால் கார் உருண்டால் கூரையைத் தாங்குவது அந்தத் தடித்த தூண்தான். மோதாமல் இருக்க ஒன்று உதவுகிறது, மோதிய பிறகு மற்றொன்று. மனைவி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வாராவாரம் நெடுஞ்சாலையில் போகிற வீட்டுக்கு இருப்பது ஒரே கார் என்றால், என் பதில் இங்கேயே முடிந்தது. புதியதை வாங்குங்கள்.

வீட்டில் வேறு கார் இருக்கிறது, இது ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மட்டும் என்றால், இன்னொரு டீ சொல்லலாம்.

பழைய காரில் இரும்பைவிட ரப்பர்தான் முதலில் சாகும். இன்ஜின் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ், பிரேக் ஹோஸ், கதவு பீடிங், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாமே இருபது கோடைகளைப் பார்த்தவை. ‘பழைய கார் லொடலொடவென்று ஓடுகிறது’ என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் புஷ் மாற்றாததைத்தான் பாதி நேரம் அப்படிச் சொல்கிறார்கள். டைமிங் பெல்ட்டும் ரப்பர்தான். எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள்; பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்று பொருள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் நிறைய இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், வயதான ரப்பர் கல்லாகியிருக்கும்.

பிரேக் ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் தரக்கணக்கே 155-க்கு இறங்கிவிடுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கிப் பாருங்கள்: டிஸ்க் சூடாகும், ஆயில் கொதிக்கும், குமிழி விழும். திரவத்தை அழுத்த முடியாது, குமிழியை அழுத்தலாம். ஆகவே பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் தீரும் விஷயம். பழைய கார் வாங்கினால் வீட்டுக்கு வருவதற்கு முன்பே இதை மாற்றுங்கள்.

காகித வேலையும் இருக்கிறது. பதினைந்து ஆண்டு முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பித்து, பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி.க்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இதற்கான கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். இன்சூரன்ஸில் இன்னொரு சிக்கல்: ரிப்பேர் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’ என்று கணக்கை முடிப்பார்கள். நீங்கள் ஆசையாகச் செலவழித்துப் புதுப்பித்த சிட்டிக்குக் காகிதத்தில் மதிப்பு சொற்பம் என்றால், ஒரு நடுத்தர இடியே அதன் கதையை முடித்துவிடும். ஐந்தாண்டு தாண்டிய வண்டிக்கு அந்த மதிப்பைப் பேசித்தான் தீர்மானிக்கிறார்கள், ஆகவே பேசுங்கள். பெட்ரோல் பங்கில் இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. அந்தக் காலத்துப் பெட்ரோல் குழாயும் சீலும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. குழாய்களை மாற்றிவிடுங்கள்.

புதிய காரில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. டர்போ இன்ஜின் பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறது. பழைய முறையில் பெட்ரோல் உள்ளிழுக்கும் வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டே போகும். இதில் அந்தக் கழுவல் இல்லாததால் காலப்போக்கில் கரி படியும். கோளாறு வந்தால் ஸ்கேனர் இல்லாமல் யாரும் பானெட்டைத் தொடமாட்டார்கள். வாரண்டி முடிந்த பிறகு வரும் ஸ்பேர் விலைகளும் தனிக் கதை. ஓட்டுவதில் ருசி இருப்பவர் ஆறு கியர் மேனுவலைத் தேடட்டும். சன்ரூஃபுக்குக் கொடுக்கிற காசை நல்ல டயருக்குக் கொடுக்கட்டும். வெயில் கொளுத்தும் ஊரில் கூரையில் கண்ணாடி எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சரி, சிட்டிதான் என்று மனம் நிற்கிறது, இல்லையா? அப்படியானால் காருக்கு முன்னால் மெக்கானிக்கைத் தேடுங்கள். அந்தத் தலைமுறை ஹோண்டாவைக் கையால் பிரித்துப் பழகியவர், புதுப்பேட்டையில் எந்தக் கடையில் எந்த ஸ்பேர் கிடைக்கும் என்று தெரிந்தவர். அப்படி ஒருவர் கிடைக்கவில்லையென்றால் வாங்கவே வேண்டாம். கிடைத்தால் அவரையும் கூட்டிக்கொண்டு விடிகாலையில் போங்கள், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக்கறை தெரிந்தால் 2015-லோ 2023-லோ சென்னை வெள்ளத்தில் நின்ற கார். கார்ப்பெட்டைத் தூக்கித் துருவைப் பாருங்கள். யாரோ ‘டியூன்’ செய்து, பெரிய சைலன்ஸர் மாட்டிய காரைத் தவிருங்கள். கம்பெனியிலிருந்து வந்தபடி, ஒரே ஓனர் கையில் கிடந்த அலுத்துப்போன வெள்ளை சிட்டிதான் உங்களுக்கு வேண்டியது. கேட்கிற விலையில் பாதியைத் தனியே எடுத்து வையுங்கள். முதல் ஆண்டில் ரப்பருக்கும் பிரேக்குக்கும் டயருக்கும் அது போகும்.

7,000 சுழற்சியைத் தொட்டே ஆக வேண்டும் என்றால், இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக் இருக்கிறது, கோவைப் பக்கம் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அவ்வப்போது ‘டிராக் டே’ நடக்கும், பணம் கட்டி ஓட்டலாம். ஹெல்மெட் கொண்டு போங்கள். பிரேக் ஆயிலை அதற்கு முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை மாற்றுங்கள்.