ஹொக்கி ஸ்கேட்ஸ் வாங்குகிறீர்களா? சட்டம் எதுவரை துணை வரும்?

செப்டெம்பர் பிறந்தால் ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளில் பிள்ளைகளை ஐஸ் ஹொக்கிக்கு அனுப்பும் பெற்றோர் ஸ்கேட்ஸ் தேடிக் கடை ஏறி இறங்குவார்கள். பெரியவர்களுக்கான உயர்ரகச் சோடி ஒன்று ஆயிரம் டொலரைத் தாண்டும். அவ்வளவு பணம் கொடுப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 'அளவு சரிவரவில்லை', 'மனம் மாறிவிட்டது' என்று வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஒன்ராறியோச் சட்டம் தரவில்லை. திருப்பி எடுப்பதும் மறுப்பதும் கடையின் விருப்பம். பொருள் பழுதாக இருந்தாலோ, பொய் சொல்லி விற்றிருந்தாலோ, இணையத்தில் வாங்கியது உரிய காலத்தில் வராவிட்டாலோதான் சட்டம் உங்களுக்குத் துணை வரும். ஆகவே அளவைக் கடையிலேயே பார்த்து முடியுங்கள். பழுதுக்கு ஆதாரம் வைத்திருங்கள்.

அளவில் ஏமாறாதீர்கள்

ஹொக்கி ஸ்கேட்ஸ் பொதுவாக வழமையான சப்பாத்தைவிட ஒன்று முதல் ஒன்றரை அளவு சிறியதாக எடுக்கப்படும். 'வளருகிற பிள்ளைதானே, இரண்டு வருடம் போடட்டும்' என்று பெரிதாக வாங்கினால் கணுக்கால் உள்பக்கம் சரியும், கால் கொப்புளிக்கும், பிள்ளை விழும். பிள்ளைகளுக்கு அரை அளவு கூடுதலாக விடலாம். அதற்கு மேல் வேண்டாம்.

விளையாடும்போது போடும் மெல்லிய காலுறையோடு போட்டுப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கையில் விரல்நுனி முன்முனையை இலேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடித்தால் விலக வேண்டும். குதிக்கால் மேலெழக் கூடாது. ஒரே அளவிலேயே வெவ்வேறு அகலங்கள் உள்ளன, கேட்டுப் பாருங்கள்.

பல கடைகளில் ஸ்கேட்ஸைச் சூடாக்கிக் காலின் வடிவுக்கு இணக்கித் தருவார்கள், பிளேட்டையும் கூர் தீட்டுவார்கள். இவை முடிந்த சோடியைப் பெரும்பாலான கடைகள் திருப்பி எடுப்பதில்லை. அதற்கு முன்பே நன்றாக யோசித்துவிடுங்கள்.

விலை கூடினால் நெடுங்காலம் உழைக்குமா?

அப்படி இல்லை. மிக விலை உயர்ந்தவை வேகத்துக்காக எடை குறைத்து, மிகவும் விறைப்பாகச் செய்யப்படுபவை. எடை குறைந்த பிள்ளையால் அவற்றில் கணுக்காலை மடிக்கவே முடியாது. பௌவர், சி.சி.எம். போன்ற நிறுவனங்களின் நடுத்தர விலை வகைகளே அநேகருக்குப் போதும்.

உழைக்கும் சோடியா என்று நீங்களே பார்க்கலாம். கணுக்கால் பகுதியை இருபுறமும் அழுத்துங்கள். எளிதில் மடங்கினால் வைத்துவிடுங்கள். அடியில் ரிவெட்டுகள் ஆடக் கூடாது. பிளேட்டைத் தனியே கழற்றி மாற்ற முடிகிறதா என்று கேளுங்கள். முடிந்தால் பிளேட் தேய்ந்த பின்னும் சப்பாத்தை வைத்துக்கொள்ளலாம். விளையாடி முடிந்ததும் பிளேட்டை ஈரம் போகத் துடைக்காவிட்டால் எந்த விலைப் பிளேட்டும் துருப்பிடிக்கும்.

பழைய சோடி வாங்கினால்

பிள்ளைகளின் கால் வேகமாக வளர்வதால் பழையது வாங்குவதில் தவறில்லை. பிளேட்டில் தீட்டுவதற்கு உருக்கு மிச்சம் இருக்கிறதா, அதைத் தாங்கும் பிளாஸ்டிக்கில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வியாபாரி அல்லாத தனிநபரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்பதையும் மறக்காதீர்கள்.

உங்கள் உரிமைகள்

ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வியாபாரி விற்கும் பொருள் தரமானதாகவும் சொன்ன விவரத்துக்குப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற அறிவிப்பு இந்த உரிமையைப் பறிக்காது. பொய்யான விவரம் சொல்லி விற்றிருந்தால் 1 வருடத்துக்குள் எழுத்து மூலம் அறிவித்து ஒப்பந்தத்தை இரத்துச் செய்யலாம்.

இணையத்தில் 50 டொலருக்கு மேல் கொடுத்து வாங்கிய பொருள், சொன்ன திகதியிலிருந்து 30 நாள் கடந்தும் வராவிட்டால், அது வந்துசேரும் முன் இரத்துச் செய்யலாம். வியாபாரி 15 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால், அடுத்த 60 நாளுக்குள் கடனட்டை நிறுவனத்துக்கு எழுதிப் பணத்தை மீட்கக் கோரலாம். பாதி விலைக்கும் குறைவாகப் புதிய ரகங்களைக் காட்டும் தளங்களில் போலி அதிகம். தெரியாத தளத்தில் கடனட்டை தவிர வேறெதிலும் பணம் கட்டாதீர்கள்.

பிரச்சினை வந்தால்

ரிவெட் கழன்றாலோ தையல் விட்டாலோ அதோடு விளையாட விடாதீர்கள். படம் எடுத்து, பற்றுச்சீட்டோடு கடைக்கு எழுதுங்கள். தயாரிப்பாளரின் உத்தரவாதத்தையும் பாருங்கள். சாதாரணத் தேய்மானத்தை அது பெரும்பாலும் ஏற்காது. தீர்வு கிடைக்காவிட்டால் ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிடம் முறையிடலாம். சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்துக்கும் போகலாம். மோசடி என்றால் காவல்துறைக்கும் கனடிய மோசடித் தடுப்பு மையத்துக்கும் தெரிவியுங்கள்.

கடையில் இன்னும் அரை மணி நேரம் செலவிடுங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அளவு பிழைத்தால் சட்டம் உதவாது. பழுதென்றால் உதவும், அதற்கு ஆதாரம் வேண்டும்.